சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? கேள்வி பதில்

என் மேசைக் கம்ப்யூட்டர் சில வருஷமாக ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ என்ற வானியல் ஆராய்ச்சித் திட்டத்துக்குக் கணக்குப் போடுகிறது. பெரிய கணக்கைத் துண்டுகளாக்கி இணையம் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள்; அவை சும்மா இருக்கும் நேரத்தில் விடை கண்டு திருப்பி அனுப்பும். நீங்கள் கேட்டதில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, நம்ம வீட்டு கம்ப்யூட்டரால நிஜமாவே எதையாவது கண்டுபிடிச்சிருக்காங்களா? இல்ல, மனத்திருப்திக்குத்தானா?

கண்டுபிடித்திருக்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரேசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த தரவைச் சின்னச் சின்னத் துண்டாக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு துண்டில் நொடிக்கு 41 தடவை சுற்றும் பல்சர் ஒன்று சிக்கியது. பல்சர் என்றால் சுற்றிக்கொண்டே ரேடியோ அலைகளை வீசும், செத்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம். 2010 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அந்தப் பெருமை அமெரிக்காவில் அயோவா மாநிலத் தம்பதிக்கும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்காரர் ஒருவருக்கும் போனது. ஏன் இரண்டு இடம்? ஒரே துண்டை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, விடை ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஒரு மெஷின் சூடாகித் தப்புக் கணக்குப் போட்டாலும் மாட்டிக்கொள்ளும். இவர்கள் யாருமே வானியலாளர்கள் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும் சார்?

‘மிச்சத் திறன்’ என்று சொன்னாலும் அது ஓசி இல்லை. சும்மா இருக்கும் ப்ராசசர் கொஞ்சமாகத்தான் கரண்ட் குடிக்கும், வேலை கொடுத்தால் நிறையக் குடிக்கும். கூடுதலாக 100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தமிழ்நாட்டு இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் அந்த 60 யூனிட்டே அடுத்த சிலாபுக்குத் தள்ளிவிடும். நான் ராத்திரி மட்டும் ஓட்டுகிறேன். கோடையில் மொத்தமாக நிறுத்திவிடுவேன்.

லேப்டாப்ல போடலாமா?

போடலாம், பார்த்து. முதல் தடவை நான் எதையும் மாற்றாமல் அப்படியே ஓடவிட்டேன். மே மாசம். “உள்ள மிக்ஸி ஓடுதா?” என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்கள். கீபோர்டில் கை வைக்க முடியவில்லை. இந்தத் துண்டுகளை வாங்கி ஓட்டி விடையை அனுப்புவது ‘போயிங்க்’ (BOINC) என்ற மென்பொருள். அதன் அமைப்புகளில் ப்ராசசரில் பாதிக்கு மேல் எடுக்காதே, பேட்டரியில் இருக்கும்போது ஓடாதே என்று இரண்டையும் வைத்துவிடுங்கள். தூசியும் தட்டுங்கள்.

பணம் வருமா?

வராது. புள்ளிகள் வரும்.

வேற்றுக்கிரகவாசிகளைத் தேடினாங்களே, அது இன்னும் இருக்கா?

‘செட்டி அட் ஹோம்’. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கியது. 2020 மார்ச்சோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் அகப்படவில்லை. ஆனால் அதே குழுவில் பிறந்த போயிங்க் இன்று பல திட்டங்களைத் தாங்குகிறது. உடம்பில் உள்ள புரதங்கள் எப்படி மடிந்து உருவம் எடுக்கின்றன என்பதில் ஆர்வம் என்றால் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ பாருங்கள். அதற்குத் தனி மென்பொருள், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் விசேஷம்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்ல யாருக்கும் தெரியாம போட்டா?

வேண்டாம் தம்பி. கம்ப்யூட்டர் அவர்களுடையது, கரண்டும் அவர்களுடையது. கேட்டு வாங்கிப் போடு.

நடுவுல போரடிச்சா அழிச்சிடலாமா?

உடனே அழிக்காதீர்கள். வாங்கிய துண்டு உங்கள் கையிலேயே கெடு முடியும்வரை தூங்கும், அப்புறம்தான் இன்னொருவருக்குப் போகும். உங்கள் ஜோடிக் கம்ப்யூட்டர்க்காரர் அதுவரை காத்திருக்க வேண்டும். முதலில் ‘புதுப் பணி வேண்டாம்’ என்பதை அழுத்துங்கள். கையில் இருப்பது முடிந்து விடை போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடலாம்.