புராஜெக்ட் கிராஸ் சோன்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஞாயிறு மாலை புதுச்சேரி லாஸ்பேட்டையில் கூடும் எங்கள் கேம் குழுவில் இந்த வாரம் பதில் சொல்லும் முறை எனக்கு வந்தது. இரண்டு பாகத்தையும் முழுதாக ஆடியவன் நான் ஒருவன்தான். வந்த கேள்விகளையும் சொன்ன பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

"அண்ணா, இது என்ன கேம்? பெயரில் 'எக்ஸ்' தானே இருக்கிறது?" (முத்தியால்பேட்டை தம்பி)

எழுத்து எக்ஸ்தான் தம்பி, ஆனால் 'கிராஸ்' என்று படிக்க வேண்டும். கேப்காம், சேகா, பண்டாய் நாம்கோ என்று மூன்று கம்பெனிகளின் ஆட்கள் ஒரே களத்தில் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். 2012 அக்டோபரில் ஜப்பானில் நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கன்சோலுக்கு வந்தது. அடுத்த வருடம் மற்ற நாடுகளுக்கு. இதற்கு மூத்தது, 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'நாம்கோ கிராஸ் கேப்காம்'. அது ஜப்பானைத் தாண்டவே இல்லை. அதன் நாயகர்களான ரெய்ஜியும் ஷியாவ்முவும் இதில் திரும்பி வருகிறார்கள். அவர்களை முதன்முதலாக ஆங்கில எழுத்தோடு பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பாரிஸில் இருக்கும் அத்தை டிசம்பரில் வருகிறார். அவரிடம் கேட்ரிட்ஜ் (கேம் உள்ள சின்ன அட்டை) வாங்கி வரச் சொல்லலாமா?" (வில்லியனூர்)

முதலில் உன் கன்சோல் எங்கே வாங்கியது என்று பார். 3டிஎஸ்ஸில் பிராந்தியப் பூட்டு உண்டு. ஐரோப்பிய கன்சோலில் ஐரோப்பிய கேட்ரிட்ஜ்தான் ஓடும், அமெரிக்கக் கன்சோலில் அமெரிக்கக் கேட்ரிட்ஜ்தான். நம் ஊரில் பாதிப் பேருக்குப் பிரான்சில் சொந்தம் இருப்பதால் ஐரோப்பிய கன்சோல்கள் நிறைய உண்டு. உன்னுடையதும் அப்படி என்றால் தாராளமாகச் சொல். பிரெஞ்சில் இருக்குமோ என்ற பயம் வேண்டாம். எழுத்து ஆங்கிலம், குரல் ஜப்பானிய மொழி.

"கிராஸ் ஹிட் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது, சார். பட்டனை வேகமாகத்தான் தட்டுகிறேன்." (தேவனாம்பட்டினம்)

வேகமாகத் தட்டுவதுதான் சிக்கலே. உங்கள் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் வலை நகரும். இதுவும் அப்படித்தான்.

கட்டம் போட்ட களத்தில் ஆட்கள் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து நகர்வார்கள். சண்டையில் உங்கள் ஜோடி அடிக்கிறது. அதோடு தனி ஆள் ஒருவரையோ, பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் இன்னொரு ஜோடியையோ துணைக்குக் கூப்பிடலாம். இரண்டு தரப்பின் அடியும் ஒரே நொடியில் விழுந்தால் அதுதான் கிராஸ் ஹிட். எதிரி அந்தரத்தில் உறைந்து நிற்பான், கிராஸ் பாயின்டும் நன்றாக ஏறும். அந்தப் பாயின்ட் எல்லா ஜோடிகளுக்கும் பொதுவான உண்டியல். அதிலிருந்துதான் பெரிய அடியும் கொடுக்க வேண்டும், எதிரி அடிக்கும்போது தற்காப்பும் செய்ய வேண்டும். அதனால் சேர்ந்தவுடன் செலவழித்துவிடாதீர்கள்.

நான் பழகிய முறை இது: முதல் அடியில் எதிரியை மேலே தூக்கி விடுங்கள். அவன் கீழே இறங்கத் தொடங்கும்போது துணையைக் கூப்பிடுங்கள். துணையின் முதல் அடி விழும்போது உங்கள் அடுத்த அடியைக் கொடுங்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அடித்தால் கிரிட்டிக்கல், அதாவது கூடுதல் பலமுள்ள அடியும் கிடைக்கும். இரண்டு நாள் மெதுவாக ஆடிப் பாருங்கள், கை பழகிவிடும்.

"எனக்கு நைட் ஷிஃப்ட் வேலை. ஒரு ஸ்டேஜ் முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. பாதியில் விட்டுவிடலாமா?" (மஞ்சக்குப்பம் அக்கா)

விடாதீர்கள் அக்கா. நீளம் என்பது உண்மையான குறைதான். பின்பாதியில் அதே எதிரிகள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருப்பார்கள். இடையில் வேலை வந்தால் கன்சோலை அப்படியே மூடி வையுங்கள், திறக்கும்போது விட்ட இடத்தில் இருக்கும். ஆனால் பேச்சுக் காட்சிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். ரெசிடென்ட் ஈவில் கேமின் கிறிஸ், ஜில் போன்றவர்கள் வேறு உலகத்து ஆட்களை முதல் தடவை பார்த்து எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் இந்த கேமின் உயிர் இருக்கிறது. சண்டை தொடங்குமுன் யார் யாரோடு நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பேச்சும் மாறும். அதற்காகவே நான் துணையை மாற்றி மாற்றி வைப்பேன்.

"முதல் பாகமா, இரண்டாவதா? ஒன்றுதான் வாங்க முடியும்." (நெல்லிக்குப்பம்)

இரண்டாவது. 2015-ல் ஜப்பானில், 2016-ல் வெளியே வந்தது. முதல் பாகத்தில் நம் ஆட்களும் எதிரிகளும் கலந்து கலந்து நகர்வார்கள். இதில் நம் முறை, எதிரி முறை என்று பிரித்துவிட்டதால் திட்டம் போட முடிகிறது. நிண்டெண்டோ தரப்பிலிருந்து குரோம், லூசினா, ஃபியோரா வருகிறார்கள். யாகுசா ஆட்டத்தின் கிரியூவும் மஜிமாவும் ஒரே ஜோடி. சேகா சாட்டர்ன் கன்சோலின் விளம்பரத்தில் வந்த சேகாடா சன்ஷிரோ கூட உண்டு! ஒரு விளம்பர ஆளைக்கூட மறக்காமல் கூட்டி வந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

"டவுன்லோட் செய்துகொள்ளலாமே, கேட்ரிட்ஜ் எதற்கு?" (முதலியார்பேட்டை)

3டிஎஸ் இணையக் கடையில் வாங்கும் வசதி 2023 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இனி பழைய கேட்ரிட்ஜ்தான் வழி. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எப்போதாவது கண்ணில் பட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: 3டிஎஸ் கேட்ரிட்ஜின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும், பழைய டிஎஸ் கேட்ரிட்ஜில் அது இருக்காது. கன்சோலையும் கையோடு கொண்டு போய், தலைப்பு வரும்வரை போட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.