ரூ. 18,000 கட்டுவதற்கு முன், பழைய கடிதத்தை எடுத்துப் பாருங்கள்

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியலில் பி.எச்டி. மூன்றாம் ஆண்டு. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டு நண்டுகளைப் பற்றி அவள் எழுதிய முதல் பேப்பரை (ஆய்வுக் கட்டுரையை) ஒரு ஜர்னல் (ஆய்விதழ்) ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு, இரண்டு பக்கத்துக்குக் குறை எழுதித் திருப்பிவிட்டது. அழுதாள். அப்புறம் யாரோ ஒரு ஏஜென்ட் சொன்ன வேறொரு ஜர்னலுக்கு அனுப்ப, நான்கே நாளில் ஏற்றுக்கொண்டு, இந்த வாரத்துக்குள் ரூ. 18,000 கட்டச் சொல்கிறார்கள். வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்காதீர்கள். ஐந்து மாதம் கழித்து வந்த அந்த இரண்டு பக்கக் கடிதம்தான் நல்ல செய்தி. நான்கு நாளில் வந்ததுதான் கெட்ட செய்தி. வீட்டில் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு நல்ல ஜர்னலுக்குக் கட்டுரை போனால் முதலில் எடிட்டர் பார்ப்பார். தேறாது என்று பட்டால் அங்கேயே திருப்பிவிடுவார். தேறும் என்றால் அதே துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். இதைத்தான் பியர் ரிவ்யூ, சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்கிறார்கள். அந்த ரிவ்யூவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தங்கள் வகுப்பு, தங்கள் ஆய்வு எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு எடிட்டர் நான்கு பேரைக் கேட்டால் இரண்டு பேர் முடியாது என்பார்கள். மாதக்கணக்கில் ஆவது இதனால்தான். நண்டு கணக்கெடுத்தது எந்தப் பருவத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பா பின்பா, எத்தனை இடங்களில், ஏன் இந்தப் புள்ளியியல் முறை என்றெல்லாம் ஒருவர் கேட்டிருக்கிறார் என்றால், அவர் உங்கள் மகளின் கட்டுரையை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். நான்கு நாளில் வந்த கடிதத்தில் அப்படி ஒரு கேள்வியாவது இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய நகலில் ‘நல்ல கட்டுரை, ஏற்கலாம்’ என்பதைத் தவிர எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காசு கேட்பதாலேயே மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். இதில்தான் நிறைய பெற்றோர் குழம்புகிறார்கள். பழைய முறையில் எழுதுகிறவர் காசு கட்ட வேண்டியதில்லை. படிக்கிறவர், அதாவது கல்லூரி நூலகம், சந்தா கட்டும். ஓப்பன் ஆக்சஸ் முறையில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அந்தச் செலவைப் பல இதழ்கள் எழுதுகிறவர் பக்கம் தள்ளிவிடுகின்றன. உலகத்தின் பெரிய இதழ்களே இந்தக் கட்டணத்தை வாங்குகின்றன. ‘நேச்சர்’ இதழ் 2021இல் இந்த வழியைத் திறந்தபோது ஒரு கட்டுரைக்கு வைத்த விலை 9,500 யூரோ. நம் ஊர் ஆய்வு மாணவர் யாரும் கைக்காசு போட்டுக் கட்டுகிற தொகையா அது? அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் அங்கே மதிப்பாய்வு உண்மையாக நடக்கிறது.

2013இல் ஜான் போஹானன் என்கிற அறிவியல் பத்திரிகையாளர் ஒரு காரியம் செய்தார். பாசிக்காளானிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது என்று, வேண்டுமென்றே பெரிய ஓட்டைகள் வைத்து ஒரு போலிக் கட்டுரை தயாரித்தார். கட்டணம் வாங்கும் 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அதே கட்டுரையை ‘பிளாஸ் ஒன்’ நிராகரித்தது. அதுவும் கட்டணம் வாங்குகிற இதழ்தான். ஆகவே ‘எவ்வளவு கேட்கிறார்கள்’ என்பதை விட ‘யார் படித்தார்கள், என்ன கேட்டார்கள்’ என்று பாருங்கள்.

ஏஜென்ட் ‘யுஜிசி கேர் பட்டியலில் இருக்கிற ஜர்னல்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல இதழ்கள் எவை என்று காட்ட யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வைத்திருந்த பட்டியல் அது. அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி விற்கிறவரை நம்ப வேண்டாம். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது என்றும் காட்டுவார்கள். அது இதழுக்கான அடையாள எண், தரச் சான்று இல்லை. ஸ்கோபஸில் (ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளம்) இருக்கிறது என்றால் இதழின் பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்க்காமல் ஸ்கோபஸின் தளத்துக்கே போய்த் தேட வேண்டும். நல்ல இதழ் ஒன்றின் பெயரை அப்படியே வைத்துப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு.

இன்னொன்று. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பர் விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்கலாம். உங்கள் மகள் தன் பல்கலைக்கழகத்தின் இப்போதைய பி.எச்டி. விதிமுறையை வாங்கி, தான் சேர்ந்த ஆண்டுக்கு எது பொருந்தும் என்று ஆய்வுப் பிரிவில் கேட்கட்டும். பாதி அவசரம் அங்கேயே தணிந்துவிடலாம்.

காசில்லாத வழிகளும் இருக்கின்றன. சந்தா இதழ்களில் வெளியிடப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. பெங்களூரில் சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, எழுதுகிறவரிடம் கட்டணம் கேட்காமல் பல இதழ்களை நடத்தி, இலவசமாகப் படிக்கவும் தருகிறது. டி.ஓ.ஏ.ஜே. என்ற தளத்தில் ஓப்பன் ஆக்சஸ் இதழ்களைத் தேடும்போது, கட்டணம் வாங்காதவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். சந்தா இதழ்களைப் படிப்பதற்கு மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. நூலகரிடம் கேட்டால் வழி சொல்வார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பதிப்புரிமைப் படிவத்தில் (கட்டுரையை வெளியிடும் உரிமையை இதழுக்குக் கொடுக்கிற தாள்) கையெழுத்துப் போட்டாளா என்று கேளுங்கள். போடவில்லை, பணமும் கட்டவில்லை என்றால், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு மெயில் போட்டு, நகலைக் கைடுக்கும் (ஆய்வு வழிகாட்டிக்கும்) அனுப்பட்டும். திரும்பப் பெறவே பணம் கேட்டு மிரட்டினால் கட்டாதீர்கள். கைடு வழியாகப் பதில் போகட்டும். கட்டுரை ஒருமுறை அந்த இதழில் அச்சாகிவிட்டால் அதே தரவை வேறு நல்ல இதழுக்குக் கொடுக்க முடியாது. மூன்று வருடம் சேற்றில் இறங்கிச் சேர்த்த தரவு அம்மா அது. இந்த விஷயம் முடியும் வரை வேறு எங்கேயும் அதை அனுப்பவும் கூடாது.

பிறகு பழைய கடிதத்துக்கு வாருங்கள். அதில் ‘மேஜர் ரிவிஷன்’ என்று இருக்கிறது, நான் பார்த்தேன். அது நிராகரிப்பு இல்லை, திருத்தி அனுப்பு என்பதுதான். கெடு தாண்டியிருந்தால் எடிட்டருக்கு எழுதி நீட்டிப்புக் கேட்கலாம். நியாயமான காரணம் சொன்னால் பொதுவாகத் தருவார்கள். ரிவ்யூவர் சொன்ன ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, அதன் கீழேயே பதில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. ‘இந்தத் தரவு எங்களிடம் இல்லை, அதனால் முடிவுரையில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டோம்’ என்பதும் நல்ல பதில்தான். மழைக்காலத் தரவு கேட்டிருக்கிறார்களே, அது அவளுடைய நோட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் முதல் பேப்பரில் எடுத்ததில் பாதியை எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

சனிக்கிழமை கடலூரில்தான் இருப்பேன். அவளைக் கூட்டிக்கொண்டு, அந்த இரண்டு பக்கக் கடிதத்தையும் களக் குறிப்பு நோட்டையும் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து பதில் கடிதத்துக்கு ஒரு வரைவு போட்டுவிடலாம். கைடு பார்த்துச் சரி என்ற பிறகு அனுப்பட்டும்.