ஷிரிதோரி கரோக்கிக்குப் பாடல் தேர்வது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கவாசாகியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஆண்டிறுதி விருந்து முடிந்ததும் எங்கள் குழுவினர் கரோக்கி அறைக்குப் போய் 'ஷிரிதோரி' ஆடுவது வழக்கம். ஒருவர் பாடிய பாடலின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் தலைப்புள்ள பாடலை அடுத்தவர் பாட வேண்டும். 'ன்' என்று முடியும் தலைப்பை எடுத்தவர் தோற்றவர். எனக்கு ஹிராகானா, கதாகானா என்னும் இருவகைக் கானா எழுத்துகளும் (ஜப்பானிய ஒலியெழுத்துகள்) வாசிக்க வரும். காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள் அவ்வளவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஜப்பானியப் பாடல்களில் ஒன்றுகூட என் முறை வரும்போது பொருந்துவதில்லை. எந்தப் பாடல்களைக் கற்றுக்கொள்ளலாம்? எனக்கு அடுத்துப் பாடுபவர் எப்போதும் என் மேலாளர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம் 'பாட்டுக்குப் பாட்டு' நினைவோடு இந்த விளையாட்டுக்குப் போனால் தடுமாற்றம்தான் மிஞ்சும். நம்முடைய ஆட்டத்தில் பாடலின் முதல் வரி நினைவிருந்தால் போதும். உங்கள் நண்பர்கள் ஆடுவதில் பாடலின் வரிகளுக்கு வேலையே இல்லை. தலைப்பின் முதல் கானாவும் கடைசி கானாவும்தான் கணக்கு. ஆகவே பிடித்த பாடல்களைக் கற்றுக்கொண்டு அவை பொருந்தும் நேரத்துக்காகக் காத்திருப்பதைவிட, எந்த எழுத்தில் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்களோ அந்த எழுத்துக்கான பாடல்களை முதலில் கற்றுக்கொள்வதே பயன் தரும்.

சிக்கவைக்கும் எழுத்துகளில் முதன்மையானது 'ரு'. ஜப்பானிய வினைச்சொற்களில் பெரும்பகுதி அகராதி வடிவத்தில் 'ரு' என்றே முடிகிறது. பெயர்ச்சொற்களிலும் அம்முடிவு குறைவில்லை. தனிமுரா ஷின்ஜியின் 'சுபாரு' (1980), சென் மசாவோவின் 'கிதாகுனி நோ ஹாரு' (1977), யோவாசோபியின் 'யோரு நி காகேரு' (2019) என்று எந்தத் தலைமுறைப் பாடலை எடுத்தாலும் அந்த எழுத்து வந்து நிற்கும். ஆனால் ஜப்பானிய மொழியின் பழைய சொற்கள் எவையும் ரகர வரிசையில் தொடங்குவதில்லை. தமிழிலும் ரகரம் மொழிமுதல் வராது என்பதால்தான் நாம் 'இராமன்', 'அரங்கன்' என்று முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டோம். எனவே இந்த நெருக்கடி உங்களுக்குப் புதியதாக இருக்காது. அங்கே அந்த வரிசையில் தொடங்கும் சொற்கள் ஏறத்தாழ எல்லாமே சீனத்திலிருந்தோ மேலை மொழிகளிலிருந்தோ வந்தவை, தலைப்புகளும் அப்படித்தான்.

இங்கேதான் இரண்டாவது பொறி இருக்கிறது. ஆங்கிலச் சொற்கள் பலவும் சீனவழிச் சொற்கள் பலவும் 'ன்' என்று முடிபவை. யோனேசு கென்ஷியின் 'லெமன்' (2018), ஸ்பிட்ஸ் குழுவின் 'ராபின்சன்' (1995), மார்னிங் முசுமே குழுவின் 'லவ் மெஷீன்' (1999) ஆகிய மூன்றும் ரகர வரிசையில் தொடங்குகின்றன (லகரமும் அவர்களுக்கு ரகரம்தான்). நெருக்கடியில் முதலில் நினைவுக்கு வருபவையும் அவையே. மூன்றும் பாடுபவரைத் தோற்கடிப்பவை. அராய் யூமி பாடிய 'ரூஜு நோ தெங்கோன்' (1975) 'ரு'வில் தொடங்குகிறதே என்று மகிழ்ந்து பதிவு செய்பவர், கடைசிச் சொல் சீனவழி வந்தது என்பதைக் கவனிக்கத் தவறினால் தொலைந்தார். 'சோட்சுக்யோ ஷாஷின்', 'இஹோஜின்' முதலிய புகழ்பெற்ற பாடல்கள் விலக்கப்படுவதும் இதே காரணத்தால்தான்.

எனவே நீங்கள் தேட வேண்டியது, அயற்சொல்லில் தொடங்கி நாட்டுச் சொல்லில் முடியும் தலைப்பு. தெராவோ அகிராவின் 'ரூபீ நோ யுபிவா' (1981) இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 'ரூபி' என்ற வெளிநாட்டுக் கல் தொடக்கத்தைத் தருகிறது. மோதிரத்தைக் குறிக்கும் பழைய சொல் 'வா' என்ற பத்திரமான முடிவைத் தருகிறது. பெரும்பாலும் தாழ்ந்த குரலில் பேசுவதைப் போலவே பாடப்படுவதால், குரல்வளம் இல்லாதவரும் துணிந்து பாடலாம். ஒரே ஒரு பாடலைத்தான் கற்கமுடியும் என்றால் இதையே கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதாக மட்சுதா செய்கோவின் 'ருரீரோ நோ சிக்யூ' (1986). 'ரோ' வந்துவிட்டால் ஆன் லூயிஸின் 'ரொப்போங்கி ஷின்ஜூ' (1984) கைகொடுக்கும். 'ரி'க்கு புளூ ஹார்ட்ஸ் குழுவின் 'லிண்டா லிண்டா' (1987) போதும். பல்லவியில் தலைப்பைத் திரும்பத் திரும்பக் கத்துவதுதான் வேலை என்பதால் மொழிப்பயிற்சிகூடத் தேவைப்படாது.

இவற்றுக்கு அப்பால், பனி, பூ, நூல் போன்ற பொருள் தரும் நாட்டுச் சொற்களில் முடியும் மெதுவான பாடல்கள் சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இருகா பாடிய 'நாகோரி யூகி' (1975), நகாஜிமா மியுகியின் 'இதோ', ஸ்மாப் குழுவின் 'செகாய் நி ஹிதோட்சு தாகே நோ ஹானா' (2003), தெரேசா தெங்கின் 'தோகி நோ நாகாரே நி மி ஓ மகாசே' (1986) ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறேன். 'இதோ', 'தோகி நோ நாகாரே', 'செகாய் நி', 'நாகோரி யூகி', 'கிதாகுனி நோ ஹாரு' என்று இவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு போய்க் கடைசியில் மறுபடியும் 'ரு'வில் வந்து நிற்பதைப் பாருங்கள். பயிற்சி செய்வதற்கு இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை. திரையில் காஞ்சி எழுத்துகளின் மேல் பெரும்பாலும் சிறிய கானாவில் வாசிப்பு காட்டப்படும் என்பதால், மெதுவான பாடலாக இருந்தால் உங்களால் தொடர்ந்து படித்துப் பாடிவிட முடியும். 'யோரு நி காகேரு' போன்றவற்றை, அவற்றின் வேகத்தைக் கருதி, உங்கள் இளைய சகாக்களுக்கே விட்டுவிடலாம்.

ஆட்டம் தொடங்குமுன் மூன்று விதிகளைக் கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் இவை குழுவுக்குக் குழு மாறுகின்றன. நெடிலைக் குறிக்கும் கோட்டில் முடியும் தலைப்பை எப்படிக் கொள்வது? 'செரீ' என்ற பாடலுக்கு அடுத்தவர் 'ரி'யில் தொடங்க வேண்டுமா, 'இ'யிலா என்பது பெரிய வேறுபாடு. 'ஸான்கோகு நா தென்ஷி நோ தேஸே' (1995) குரல் அதிர ஒலிக்கும் 'ஸே'யில் முடிகிறது. அதை அதிராத 'செ'யாகக் கொண்டு 'செகாய் நி' பாடலாமா? துணைத்தலைப்பும் கணக்கில் சேருமா? 'லெட் இட் கோ'வின் ஜப்பானிய வடிவத்துக்கு 'அரினோமமதே' என்ற துணைத்தலைப்பு உண்டு. அதைச் சேர்ப்பதும் விடுப்பதும் கடைசி எழுத்தையே மாற்றிவிடும்.

பாடலைத் தேடும் பலகைக்கருவியில் தலைப்பின் முதல் எழுத்தைத் தட்டினாலே பட்டியல் வந்துவிடும். அதைப் பார்ப்பது முறையா என்பது உங்கள் குழுவின் முடிவு. என் கருத்தில் வெளிநாட்டவருக்கு அந்தச் சலுகையைத் தரலாம். அறை வாடகை நேரக்கணக்கில் ஏறுவதால் முதல் சரணம் முடிந்ததும் இசையை நிறுத்திவிடுவது நல்லது. உஎமுரா கானாவின் 'தோய்ரே நோ காமிசாமா' (2010) 'தோ'வுக்கு அருமையாகப் பொருந்தும், ஆனால் அது ஏறத்தாழப் பத்து நிமிடப் பாடல்.

மேலாளரைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். 'ரு'வில் முடித்து அடுத்தவரைத் திணறடிப்பது இந்த ஆட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட தந்திரம்தான் என்றாலும், ஆண்டிறுதி விருந்தில் அதைச் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவருக்கு 'உ' என்ற எழுத்தைக் கொடுங்கள். 'ருரீரோ நோ சிக்யூ', 'ரொப்போங்கி ஷின்ஜூ' இரண்டுமே எழுத்தில் 'உ' என்றுதான் முடிகின்றன (கானாவில் ஊ, ஓ என்னும் நெடில்களின் இறுதியில் பெரும்பாலும் 'உ' எழுதப்படும்). சகாமோட்டோ கியூ 1961இல் பாடி, 1963இல் 'சுகியாகி' என்ற பெயரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'உஎ ஓ முயிதே அருகோ' அவருக்கும் தெரிந்திருக்கும். அந்தத் தலைப்பு 'உ'வில் தொடங்கி எழுத்தில் 'உ'விலேயே முடிவதால், திண்டாட்டம் அவருக்கு அடுத்து அமர்ந்திருப்பவருடையது.