கட்டைக்கும் கணக்குக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: எங்கள் அலுவலக ஜீப்பின் ஓட்டுநர் அன்றாடம் 'லாக் புக்' எழுதுகிறார், நான் கணினியில் 'லாக் இன்' செய்கிறேன். அகராதியைப் புரட்டினால், 'லாக்' என்பதற்கு மரக்கட்டை என்றல்லவா முதலில் போட்டிருக்கிறது? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: கடலோர ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், விடையும் கடலில்தான் இருக்கிறது. பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, கயிற்றில் கட்டிய மரக்கட்டை ஒன்றைப் பின்புறத்திலிருந்து கடலில் எறிந்தார்கள். 1574இல் ஆங்கிலேயரான வில்லியம் போர்ன் வெளியிட்ட மாலுமி நூலிலேயே இம்முறை விளக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் அந்தக் கட்டை, கால்வட்ட வடிவப் பலகையாயிற்று. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருந்ததால் அது நீரில் செங்குத்தாக நின்று, ஏறத்தாழ விழுந்த இடத்திலேயே கிடக்க, கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து கழன்று ஓடும். ஒருவர் 28 நொடி மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருக்க, இன்னொருவர் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்ட முடிச்சுகள் தம் விரல்களினூடே நழுவுவதை எண்ணுவார். ஐந்து முடிச்சு நழுவினால் மணிக்கு ஐந்து கடல் மைல். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு, என்றே சொல்கிறார்கள்.

அந்தக் கணக்கை வேறொரு பலகையில் சுண்ணக்கட்டியால் குறித்து, பிறகு ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். கட்டையின் கணக்கேடு, ஆகவே 'லாக் புக்'. காற்று, திசை, வானிலை எல்லாம் அதில் ஏறியபின், நேர வரிசையில் எழுதும் எந்தப் பதிவுக்கும் 'லாக்' பெயராயிற்று. 1960களில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்தபோது, வருபவர் தம் வருகையைப் பதிவதே 'லாக் இன்' ஆனது. 1997இல், இணையத்தில் எழுதும் குறிப்பேட்டுக்குப் பெயராக 'வெப்லாக்' பிறந்தது. 1999இல் அது 'பிளாக்' (நாம் சொல்லும் வலைப்பூ) எனச் சுருங்கியது.

தமிழ் எழுத்தில் பூட்டும் 'லாக்', கட்டையும் 'லாக்' என்பதால், பூட்டைத் திறந்து நுழைவதே 'லாக் இன்' என்று பலர் எண்ணுகிறார்கள், அது பிழை. 'உள்நுழைக' என்னும் மொழிபெயர்ப்பிலும் நுழைவு இருக்கிறதே தவிரப் பதிவு இல்லை. தமிழ் விக்கிப்பீடியர் கையாண்ட 'புகுபதிகை' எனக்கு மிகவும் பிடித்த சொல்; புகுவதையும் பதிவதையும் அது சேர்த்தே சொல்கிறது.