புகை அலாரத்துக்குள்ள அமெரிசியம்: வீட்டில வைச்சிருக்கலாமோ?

கொக்குவிலிலயிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. கனடாவில இருக்கிற தமையன் லீவுக்கு வரேக்க புகை அலாரம் ஒண்டு கொண்டந்து குடுத்திட்டுப் போட்டாராம், பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தா அமெரிசியம் 241 எண்டும் கதிர்த்தொழிற்பாட்டு அடையாளமும் கிடக்குதாம், ஏ.எல். படிக்கிற மகள் உது இயற்கையில இல்லாத மூலகம், மனிசர் செய்தது எண்டு சொன்ன உடன வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக்கொட்டிலுக்க வைச்சிட்டாராம். வீட்டுக்க வைக்கலாமோ, எறியிறதெண்டா எங்க எறியிறது, மற்றது இயற்கை மூலகம் 92ஓ 94ஓ எண்டு மகளும் கேக்கிறாளாம்.

வைக்கலாம் தங்கச்சி. கழட்டக்கூடாது, உடைக்கக்கூடாது, எரிக்கக்கூடாது, அவ்வளவுதான். கொட்டிலில மாத்திரம் வைக்காதேங்கோ, நுளம்புக்குப் புகை போட்டியளெண்டா விடிய விடியக் கத்தும்.

உள்ளுக்க இருக்கிற அமெரிசியம் எவ்வளவு தெரியுமோ, கிட்டத்தட்ட 0.3 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை முப்பது லட்சம் பங்காப் பிரிச்சா அதில ஒரு பங்குதான். அதையும் ஒட்சைட்டாக்கி மெல்லிய தங்கத் தகட்டோட சேத்து அடைச்சு வைச்சிருக்கினம். அதிலயிருந்து வாற அல்பா கதிர் காத்தில நாலைஞ்சு சென்ரிமீற்றர் போறதுக்குள்ள அடங்கிப்போயிடும், ஒரு கடதாசியே அதை மறிக்கக் காணும். கொஞ்சம் காமா கதிரும் வரும்தான், ஆனா அது பலம் குறைஞ்சது, சீலிங்கில பூட்டின சாமானுக்குக் கீழ நிக்கிற ஆளுக்கு அது பெரிய கணக்கே இல்லை. அல்பா கதிர் காத்தை அயனாக்கிறபடியா, அதாவது மின்னேற்றம் உள்ள துணிக்கையளாக்கிறபடியா, ரெண்டு தகட்டுக்கு நடுவில சின்னதா ஒரு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும், புகை உள்ளுக்கப் போனா அந்த அயனுகள் புகைத்துணிக்கையில ஒட்டிக்கொள்ளும், ஓட்டம் குறையும், அலாரம் கத்தும்.

ஆபத்து எங்க எண்டா அந்தத் தூள் உடம்புக்குள்ள போறதிலதான். மூச்சோடயோ சாப்பாட்டோடயோ உள்ளுக்கப் போய் ரத்தத்தில கலந்தா எலும்பிலயும் ஈரலிலயும் போய் இருந்துவிடும், அங்க அல்பாவை மறிக்கக் கடதாசி இல்லையே. அதாலதான் கழட்டி விளையாட விடாதேங்கோ எண்டு சொல்லுறது.

இப்ப மகளின்ரை கதைக்கு வருவம். மனிசர் செய்தது எண்டு அவள் சொன்னது சரி. அணு உலையில புளுத்தோனியம் நியூத்திரனை வாங்கி வாங்கித்தான் அமெரிசியம் வருது, 1944 இல அமெரிக்க விஞ்ஞானி கிளென் சீபோர்க்கும் கூட்டாளியளும் செய்தவை, யுத்தகால ரகசியம் எண்டு மூடி வைச்சிருந்ததை 1945 நவம்பரில ஒரு சிறுவர் றேடியோ நிகழ்ச்சியில, புது மூலகம் ஏதும் கண்டுபிடிச்சனியளோ எண்டு ஒரு பெடியன் கேக்க, சீபோர்க் அங்கயே சொல்லிப்போட்டார். ஆனா செயற்கை எண்டா ஆபத்து, இயற்கை எண்டா பயமில்லை எண்டு உங்கட வீட்டுக்காரர் நினைக்கிறார் பாருங்கோ, அதுதான் பிழை. ரேடியமும் பொலோனியமும் சுத்த இயற்கை, ரெண்டும் பொல்லாத சாமான். கலியாண வீட்டிலயும் கோயில் திருவிழாவிலயும் பெற்றோமக்ஸ் கொளுத்தின காலத்தில அதில வெளிச்சம் தாற வலை, அந்த மென்றில், பெரும்பாலும் தோரியம் ஒட்சைட்தான், அதுவும் கதிர்த்தொழிற்பாடு உள்ளது, எரிஞ்ச மென்றிலை நாங்கள் கையால பொடியாக்கி ஊதித்தள்ளினனாங்கள், ஒருத்தரும் கொட்டிலுக்க கொண்டுபோய் வைக்கேல்லை. தோரியம் எங்கட நாட்டுச் சாமானும்தான், புல்மோட்டை மணலில இருக்கிற மொனசைற்றில அது இருக்கு, தோரியனைற் எண்ட கனிமத்தை 1904 இல இலங்கையில கண்டெடுத்தவரே எங்கட ஆனந்த குமாரசாமிதான், பேந்துதான் அவர் கலைப்பக்கம் போனவர். மற்றப்பக்கம் பாருங்கோ, 43ஆவது மூலகம் ரெக்னீசியத்தைச் செய்துதான் எடுக்கிறது, அதை ஸ்கான் எடுக்கிறதுக்கு நோயாளிக்கு ஊசியாவே ஏத்தினம், ஏத்திற வகையின்ரை அரைவாழ்வு, அதாவது இருக்கிறதில அரைவாசி சிதைஞ்சுபோக எடுக்கிற காலம், 6 மணித்தியாலம்தான் எண்டபடியா. அமெரிசியம் 241க்கு 432 வருசம். எவ்வளவு அளவு, என்ன கதிர், எவ்வளவு காலம், உடம்புக்க போகுதோ எண்டு பாக்கிறதை விட்டிட்டு ஆர் செய்தது எண்டு பாத்து வேலையில்லை.

92, 94 சண்டையும் அரைவாழ்வாலதான் வாறது. பூமிக்கு வயசு கிட்டத்தட்ட 454 கோடி வருசம். யுரேனியம் 238க்கு அரைவாழ்வு 447 கோடி, அதால அரைவாசி இன்னும் மிஞ்சிக்கிடக்கு. ரெக்னீசியத்தில ஆகக் கூடக்காலம் இருக்கிற சமதானிக்கே (ஒரே மூலகத்தின்ரை வேற வேற நிறையுள்ள வகையளைத்தான் சமதானி எண்டுறது) சில பத்து லட்சம் வருசம்தான், அப்ப தொடக்கத்தில இருந்ததெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. 1937 இல மொலிப்டினம் தகட்டில ரெக்னீசியம் உண்டாகியிருந்ததை பெரியே, செக்ரே எண்ட விஞ்ஞானியள் இத்தாலியில கண்டுபிடிச்சவை, பேந்து 1962 இல கொங்கோ யுரேனியத் தாதுவில மிகமிகக் கொஞ்சம் அம்பிட்டது, யுரேனியம் தானாப் பிளக்கேக்க உண்டாகிறது. 93 நெப்தூனியமும் 94 புளுத்தோனியமும் இப்பிடித்தான், முதல் செய்தது, பிறகு யுரேனியத் தாதுவிலயும் சொட்டுச் சொட்டாக் கண்டது. 92ஆவது மூலகமான யுரேனியத்தோட நிப்பாட்டிற ஆக்கள் 92 எண்ணுவினம், அதுக்குப் பிறகு வாற அந்தச் சொட்டையும் சேக்கிற ஆக்கள் 94, இன்னும் கூட்டி 98 எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். நான் 94 எண்டுதான் சொல்லுவன். சோதினையில ரீச்சர் சொன்ன எண்ணிக்கையை எழுதட்டும், ஆனா காரணத்தையும் ஒரு வரி எழுதினா நல்லது. மொத்தம் 118, கடைசியாச் சேத்த நாலுக்கும் 2016 இல பேர் வைச்சது.

இனி பூட்டிற விசயம். குசினிக்க வேண்டாம், விறகடுப்புக்கும் மிளகாய் வறுக்கிறதுக்கும் கத்தும், பேந்து கரைச்சல் தாங்காமல் நீங்களே பற்றரியைக் கழட்டிப்போடுவியள். படுக்கிற அறைக்குக் கிட்ட ஹோலில சீலிங்கில பூட்டுங்கோ. 10 வருசம் போனா மாத்தவேணும், திகதி பின்னால போட்டிருக்கும். பழசை வளவுக் குப்பையோட சேத்துக் கொளுத்தாதேங்கோ, கிணத்தடியில புதைக்காதேங்கோ, பழைய இரும்புக்காரருக்குக் குடுக்காதேங்கோ, இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபையிட்டக் கேட்டு அவை சொல்லுறபடி செய்யுங்கோ. அண்ணை அடுத்தமுறை கொண்டாறதெண்டா ஒளியால புகையைப் பிடிக்கிற வகையா வாங்கச் சொல்லுங்கோ, அதில அமெரிசியமும் இல்லை, மெல்லப் புகைஞ்சு பிடிக்கிற நெருப்பை அது கெதியாக் காட்டும்.