பிரைமரியில் தோற்றவர் நவம்பரில் நிற்கலாமா?

கேள்வி: கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகள் நான். மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கும் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவருக்காக வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டோம். கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் ஆகஸ்ட் பிரைமரியில் அவர் ஜெயித்தார். தோற்றவர் நவம்பர் பொதுத் தேர்தலிலும் நிற்பேன் என்கிறார். ஜெயிப்பவரை ஆதரிப்பேன் என்று மேடையில் வாக்குக் கொடுத்தவர் அவர். டெக்சாஸில் இருக்கும் என் தம்பி, ‘தோற்றவர் நிற்கவே முடியாது, வழக்குப் போடு’ என்கிறான். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தம்பி தன் மாநிலத்துக்குச் சரியாகத்தான் சொல்கிறார். டெக்சாஸில் பிரைமரியில் தோற்றவர் அதே தேர்தலில் சுயேச்சையாகவோ வேறு கட்சி சார்பிலோ நிற்க முடியாது. வாக்காளர் கையால் பெயர் எழுதிப் போடும் ‘ரைட்-இன்’ வழியும் அவருக்கு மூடியிருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் இந்தத் தடை உண்டு. கனெக்டிகட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. இல்லாத சட்டத்தை மீறினார் என்று வழக்குப் போட முடியாது.

மேடையில் கொடுத்த வாக்கு உங்களை உறுத்துவது நியாயம்தான். ஆனாலும் அது அரசியல் வாக்குறுதி. ஒப்பந்தம்போல நீதிமன்றம் அதை நிறைவேற்றித் தராது.

உங்கள் மாநிலத்திலேயே இது நடந்திருக்கிறது. 2006 ஆகஸ்ட் 8 அன்று செனட்டர் ஜோ லீபர்மன் பிரைமரியில் நெட் லமான்டிடம் தோற்றார். மறுநாளே, வாக்குச்சீட்டில் பெயர் வர வாக்காளர்களின் கையெழுத்தோடு கொடுக்கும் மனுவைப் புதுக் கட்சிப் பெயரில் கொடுத்தார். அதற்குத் தேவையான 7,500 கையெழுத்து ஒரு ராத்திரியில் சேராது; தோற்பதற்கு முன்பே, ஜூலையிலேயே, திரட்டப் போவதாக அறிவித்திருந்தார். நவம்பரில் சுமார் 50 சதவீதம் வாங்கி ஜெயித்தார். லமான்டுக்கு 40. குடியரசுக் கட்சிக்காரர் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அந்தக் கட்சி ஆதரவாளர்களில் பெரும்பாலோர் லீபர்மனுக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது மனுவைத்தான். மனுவுக்கான கெடு பிரைமரியை ஒட்டியே முடிந்துவிடும். அவர் மனுக் கொடுத்திருக்கிறாரா என்று மாநிலச் செயலர் அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். மனுவும் கொடுக்காமல், வேறு கட்சியும் அவரை நிறுத்தாமல் இருந்தால் வாக்குச்சீட்டில் அவர் பெயர் அச்சாகாது. மிஞ்சுவது ரைட்-இன்தான், அதற்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

அதையும் லேசாக நினைக்காதீர்கள். 2010-ல் அலாஸ்காவில் பிரைமரியில் தோற்ற செனட்டர் லிசா முர்கவ்ஸ்கி, ரைட்-இன் வாக்குகளாலேயே ஜெயித்தார். அந்தப் பெயரைப் பிழையாக எழுதிய சீட்டுகளும் செல்லும், வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருந்தால் போதும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம், உங்கள் தொகுதியில் இரண்டாம் சுற்று கிடையாது; அதிக வாக்கு வாங்கியவரே ஜெயிப்பார். அவர் ஜெயிக்காமலே, உங்கள் வேட்பாளரின் வாக்குகளைப் பிரித்து எதிர்க்கட்சிக்கு வழி விடலாம்.

மனு இருந்தால் பிரதி வாங்குங்கள். கையெழுத்துகளைச் சரிபார்ப்பவர்கள் அந்தந்த ஊர் கிளார்க்குகள். வேறு தொகுதிக்காரர் கையெழுத்தோ, ஒரே ஆள் இரண்டு முறை போட்டதோ தெரிந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் வேட்பாளரோடு தேர்தல் வழக்கறிஞரைப் பாருங்கள். வாக்குச்சீட்டு அச்சுக்குப் போன பிறகு நீதிமன்றங்கள் தலையிடத் தயங்கும்.