கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் இலவச ஆங்கில வகுப்பு: அம்மாவுக்கு இவ்வளவு நீளமான விண்ணப்பம் தேவையா?

தேவையில்லை. கிரீன் கார்டில் வந்திருக்கும் அம்மாவை ஆங்கில வகுப்பில் சேர்க்க நினைத்தால், குடியிருப்பு, வருமானம், பட்ட இலக்கு என்று கேள்வி மேல் கேள்வியாக வருகிறதே என்கிறீர்கள்; நீங்கள் திறந்தது பெரும்பாலும் கிரெடிட் மாணவர்களுக்கான, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடங்களைப் படிப்பவர்களுக்கான படிவமாக இருக்கும்.

இலவச ஆங்கில வகுப்பு நான்கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேராதது; அதற்கு யூனிட் (பாட அளவு) கட்டணமே கிடையாது. கிரெடிட் வகுப்பில் மாநிலத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், வெளியாளுக்கு அதைவிட அதிகம் என்பதால், யார் எவர் என்று பார்த்துத்தான் கட்டணம் போடுகிறார்கள், அதற்குத்தான் அத்தனை குடியிருப்புக் கேள்விகளும். கட்டணமே இல்லாதவரிடம் அதை எதற்குக் கேட்க வேண்டும்? 2018இல் வந்த ஏபி 3101 என்ற கலிபோர்னியா சட்டமும் இதைத்தான் சொன்னது. அப்புறம் இந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் சிசிசிஅப்ளை தளத்தில் நான்கிரெடிட் மாணவர்களுக்கென்று சுருக்கமான விண்ணப்பம் வந்தது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கல்லூரியின் நான்கிரெடிட் அல்லது அடல்ட் எஜுகேஷன் பக்கத்திலிருந்தே விண்ணப்பத்துக்குள் போங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமில்லை. சில கல்லூரிகளில் காகிதப் படிவமும் உண்டு, நேரில் போனால் கூடவே உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள். மின்னஞ்சலே பழக்கமில்லாத ஒருவருக்கு அதுதான் நல்ல வழி என்பேன், ஏனென்றால் பலர் படிவத்தைப் பார்த்தே படிக்கும் ஆசையை விட்டுவிடுகிறார்கள்.